அப்பா ஏன் யாரோடும் ஒட்டுவதில்லை? – முதுமைத் தனிமை: வாசகர் கேள்வி பதில்

முதியோரின் தனிமைக்கும் அவர்கள் வளர்ந்த விதத்துக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீனிக்ஸ், சாட்ஸ்வொர்த், பீட்டர்மாரிட்ஸ்பர்க் முதலிய இடங்களின் வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. முதியோர் மருத்துவர் ஒருவரும் சமூகப் பணியாளர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் அப்பாவுக்கு 78 வயது. டர்பனில் மேகஸின் பேரக்ஸ் என்ற தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். ஒன்பது வயதில் தகப்பனை இழந்தார். சித்தப்பா வீட்டில் அடியும் வசையுமாக வளர்ந்து, 12 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போய்விட்டார். இரண்டு வருடங்களுக்கு முன் அம்மா இறந்தார். அன்றிலிருந்து அப்பா அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. காவடிக்கு வாங்கப்பா, கல்யாணத்துக்கு வாங்கப்பா என்று கூப்பிட்டால் "நீங்க போயிட்டு வாங்க" என்பதுதான் பதில். தம்பி "அவர் சுபாவமே அப்படித்தான்" என்கிறான். சிறு வயதில் பட்ட கஷ்டம் இத்தனை வயதுக்குப் பிறகும் ஆளைத் தனிமைப்படுத்துமா? இனி மாற்ற முடியுமா?
– மகள், பீனிக்ஸ்

பதில்: தொடர்பு உண்டு. அயர்லாந்தில் 50 வயதைக் கடந்தவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஓர் ஆய்வில், வறுமையில் வளர்ந்தவர்களும் குடிகாரப் பெற்றோரிடம் வளர்ந்தவர்களும் முதுமையில் அதிகத் தனிமையை உணர்வது தெரியவந்தது. அமெரிக்காவில் 1938-இல் தொடங்கி இன்றும் நடக்கும் ஹார்வர்ட் ஆய்வு இதையே மறுபக்கமிருந்து காட்டுகிறது. அன்பான வீட்டில் வளர்ந்த சிறுவர்கள் அறுபது வருடங்களுக்குப் பிறகும் மனைவியோடு கூடுதல் நம்பிக்கையுடன் ஒட்டியிருந்தார்கள்.

ஆனால் 'சிறு வயதுக் கஷ்டம்' என்ற ஒன்று 78 வயதில் நேராக வந்து ஒருவரை அறைக்குள் பூட்டுவதில்லை. இடையில் பல படிகள் இருக்கின்றன. பள்ளிப் படிப்பு நின்றால் கூலி குறைந்த, நேரம் காலம் இல்லாத வேலைதான் கிடைக்கும். அந்த வேலை உடம்பைச் சீக்கிரம் தேய்க்கும், சங்கம், விளையாட்டு என்று போக ஓய்வும் விடாது. அடி வாங்கி வளர்ந்த பிள்ளை மனிதர்களைக் கவனமாகத் தள்ளி நின்றே பார்க்கப் பழகிவிடும். பெரியவர்களின் முகம் மாறுவதைப் பார்த்ததும் ஒதுங்கிக்கொள்வதுதான் அந்த வயதில் அதற்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு. அந்தப் பழக்கம் பிற்பாடு 'சுபாவம்' என்ற பெயரைப் பெறுகிறது. தம்பி சொல்வதை முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டோம். பாதிதான் சரி.

மீதிப் பாதி உங்கள் அம்மா. அந்தத் தலைமுறை ஆண்கள் பலருக்கு உறவுகளைக் கையில் பிடித்து வைத்திருந்தவர் மனைவிதான். யார் வீட்டில் பதினாறாம் நாள், யார் பெண்ணுக்கு நிச்சயம், எந்தச் சனிக்கிழமை யார் வீட்டில் புரட்டாசிப் படையல் என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தது. அப்பா கூடவே போய் வந்தார், அவ்வளவுதான். அம்மா போனதோடு அந்த வழி மொத்தமும் அடைபட்டுப் போயிற்று. அறுபது வருடத்துச் சுபாவத்தை நீங்கள் மாற்ற முடியாது. இரண்டு வருடங்களுக்கு முன் அறுந்ததைக் கட்ட முடியும்.

எப்படி என்றால், அம்மா வழியாக வந்து போய்க்கொண்டிருந்தவர்களை ஒரு தாளில் எழுதுங்கள். பத்துப் பதினைந்து பேர் தேறுவார்கள். அதில் அப்பா தானாகப் பேச்சுக் கொடுத்தவர்கள் யார் என்று யோசித்து இரண்டு பேரை மட்டும் எடுங்கள். கூட வேலை பார்த்தவராக இருக்கலாம், கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் சேர்ந்து பந்தாட்டம் பார்த்தவராக இருக்கலாம். அவரிடம் நிலைமையைச் சொல்லி, வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம், முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகாமல் வரச் சொல்லுங்கள். வரும்போது கைக்கு ஒரு வேலை இருக்க வேண்டும்: கேட்டின் கீலுக்கு எண்ணெய் போடுவது, மிளகாய் நாற்று நடுவது, கறிவேப்பிலைச் செடியைத் தொட்டி மாற்றுவது என்று ஏதாவது ஒன்று. எதிரெதிரே உட்கார்ந்து பேசு என்றால் இப்படிப்பட்டவர்களுக்கு மூச்சு முட்டும். பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது பேச்சு தானாக வரும்.

முதல் மூன்று நான்கு வாரம் அப்பா முகம் கொடுக்காமல் இருக்கலாம். வருகிறவர் அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த வாரமும் அதே நேரத்துக்கு வர வேண்டும். கூட இருந்தவர் இல்லாமல் போன அனுபவம் சிறு வயதிலேயே அப்பாவுக்கு இருக்கிறது. அதனால் இந்தத் தவறாமைதான் இதில் முக்கியம். ஆறு முதல் எட்டு வாரம் ஆன பிறகே பலன் உண்டா இல்லையா என்று பாருங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் எங்களுக்குத் தெரிந்தவை மூன்று. சொல்லாமல் கொள்ளாமல் பிறந்தநாள் விருந்து வைப்பது. ஐம்பது பேர் கூடும் மண்டபத்துக்கு முதல் தடவையே கூட்டிப்போவது. "உங்க நல்லதுக்குத்தான்" என்று அவர் வீட்டைப் பூட்டி உங்கள் வீட்டுப் பின்னறைக்குக் கொண்டுவந்து விடுவது. மூன்றாவதுதான் மோசம். ஆள் நடமாட்டம் நிறைந்த வீட்டில் அவர் இன்னும் உள்ளே போய்விடுவார், பழைய அக்கம்பக்கமும் கையை விட்டுப் போகும்.

இன்னொன்று. இரண்டு வருடமாக எதிலும் விருப்பமில்லை, தூக்கமும் பசியும் குறைந்திருக்கிறது, எடை இறங்கியிருக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். கிளினிக்கில் காட்டுங்கள். மருந்தால் குணமாகக்கூடியதைச் 'சுபாவம்' என்று விட்டுவைக்கக் கூடாது.

கேள்வி: முதுமையில் தனிமைக்குச் சிறு வயதுக் கஷ்டம்தான் காரணம் என்று ரேடியோவில் சொல்லக் கேட்டேன். எனக்கு ஒப்புக்கொள்ள முடியவில்லை. எனக்கு 74 வயது. நாங்கள் எல்லோரும் ஏழைகளாகத்தான் வளர்ந்தோம். ஒரே குழாயில் எத்தனையோ வீட்டுக்குத் தண்ணீர், ஒரே அறையில் எட்டுப் பேர். கதவைப் பூட்டியதே கிடையாது. ஒருவர் கூடத் தனியாக இல்லை. இப்போது எல்லா வசதியும் இருக்கிறது, பேச ஆள் இல்லை. சிறு வயதைக் குறை சொல்வது நியாயமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: நியாயமான கோபம். நீங்கள் சொல்வதை ஆய்வுகளும் மறுக்கவில்லை. வறுமை வேறு, வறுமையோடு வரும் இழப்பும் பயமும் வேறு. அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்து 1998-இல் வெளியான பெரிய ஆய்வொன்று சிறு வயதுப் பாதிப்புகளைக் கணக்கெடுத்தபோது கேட்டது என்ன தெரியுமா? வீட்டில் அடி உதை இருந்ததா, குடி இருந்ததா, தாய் அடி வாங்கினாரா, வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்ததா, யாராவது சிறைக்குப் போனார்களா என்பவை. காசு இல்லையா என்பது அந்தப் பட்டியலிலேயே கிடையாது. தன்னிடம் அன்பாக இருந்த ஒரே ஒரு பெரியவர், பெரியம்மாவோ பக்கத்து வீட்டு ஆயாவோ, நிலையாக இருந்திருந்தால் பிள்ளைக்கு அது பெரிய தாங்கல். பேரக்ஸ் வாழ்க்கையில் அப்படிப்பட்டவர்கள் வாசலுக்கு வாசல் இருந்தார்கள். அதனால்தான் ஒரே வறுமையில் வளர்ந்த அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் கலகலப்பாகவும் மற்றவர் ஒதுங்கியும் இருக்கக் காண்கிறோம். அடி யார்மீது விழுந்தது, யாரை எந்த வயதில் வேறு வீட்டுக்கு அனுப்பினார்கள், யாருக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார் என்பதில் வேறுபாடு இருக்கிறது.

உங்கள் தலைமுறையின் தனிமைக்குச் சிறு வயதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்பது எங்கள் கருத்து. இனவாரியாக மக்களைப் பிரித்த 1950-இன் குடியிருப்புப் பிரிவினைச் சட்டம் கேட்டோ மேனரையும் மேகஸின் பேரக்ஸையும் காலி செய்து, மக்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அள்ளிக்கொண்டு வந்தது. வீடு கிடைத்த வரிசைப்படி ஒரு குடும்பம் சாட்ஸ்வொர்த்தின் ஒரு யூனிட்டில், அதாவது ஒரு பகுதியில், அண்ணன் குடும்பம் இன்னொரு யூனிட்டில். கூட்டுக் குடும்பம் சிறு சிறு வீடுகளாக உடைந்தது. கோயிலும் பள்ளிக்கூடமும் கடையும் பிணம் தூக்க வரும் நாலு பேரும் ஒரே தெருவில் இருந்த ஏற்பாடு அதோடு போனது. பிறகு பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போனார்கள். திருட்டுப் பயத்தில் ஜன்னலுக்குக் கம்பியும் சுவருக்கு மேல் மின்வேலியும் வந்தன. இதை ஒரு கிழவரின் குணக்குறை என்று சொன்னால் அதுதான் அநியாயம்.

உங்களைப் போன்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய தெருக்காரர்கள் யார் யார் எந்த யூனிட்டில் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். மாதம் ஒரு முறை, ஓய்வூதியம் வந்த வாரத்துச் செவ்வாயோ புதனோ, காலை பத்து மணிக்கு யாராவது ஒருவர் வீட்டில் கூடுங்கள். எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் பேசுவது காதில் விழாது, இரண்டாவது மாதமே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். கார் ஓட்டும் ஒருவர் ஒவ்வொரு நாலு பேருக்கும் அவசியம். நடந்து வரச் சொன்னால் மழைக்காலத்தோடு கூட்டம் கலைந்துவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஏழு பேர். மாமியார் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் "எனக்கு யாருமே இல்லை" என்கிறார். எங்களுக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.
– மருமகள், நார்த்டேல், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ஆள் தொடர்பு குறைவாக இருப்பது ஒன்று, தனிமையாக உணர்வது இன்னொன்று. முன்னதை எண்ணிப் பார்க்கலாம், பின்னதை அவரிடம்தான் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றாகவும் வரும், தனித்தனியாகவும் வரும்.

எண்ணுவதற்கு லப்பன் அளவுகோல் என்று ஒன்றை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். ஆறே கேள்விகள். சொந்தக்காரர்களில் எத்தனை பேரை மாதத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிறீர்கள், அல்லது பேசுகிறீர்கள்? எத்தனை பேரிடம் மனசில் உள்ளதைக் கூச்சமில்லாமல் பேச முடியும்? எத்தனை பேரை உதவிக்குக் கூப்பிட முடியும்? இதே மூன்றையும் நண்பர்கள், அக்கம்பக்கத்தார் பற்றிக் கேட்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்: யாரும் இல்லை 0, ஒருவர் 1, இருவர் 2, மூன்று நான்கு பேர் 3, ஐந்து முதல் எட்டு 4, ஒன்பதும் அதற்கு மேலும் 5. மொத்தம் 30. பன்னிரண்டுக்குக் கீழே இருந்தால் கவனிக்க வேண்டிய நிலை. சொந்தம், நட்பு என்று இரண்டையும் தனித்தனியே கூட்டியும் பாருங்கள். எந்தப் பக்கமானாலும் 6-க்குக் குறைந்தால் அந்தப் பக்கம் ஓட்டை.

உணர்வுக்கு மூன்று கேள்விகள்: துணையில்லை என்று தோன்றுகிறதா, ஒதுக்கிவிட்டார்கள் என்று தோன்றுகிறதா, மற்றவர்களிடமிருந்து விலகி இருப்பதாகத் தோன்றுகிறதா? அரிதாக 1, சில நேரம் 2, அடிக்கடி 3. கூட்டினால் 6 அல்லது அதற்கு மேல் வந்தால் தனிமை உணர்வு இருக்கிறது என்று கொள்கிறார்கள். கேட்கும்போது குடும்பமே சுற்றி உட்கார்ந்திருந்தால் "எனக்கென்ன குறை" என்றுதான் பதில் வரும். தனியாக இருக்கும்போது, அவருக்குப் பழகிய மொழியில் கேளுங்கள்.

உங்கள் மாமியாருக்குச் சொந்தப் பக்கம் நிறைந்தும் நட்புப் பக்கம் காலியாகவும் இருக்கும் என்று ஊகிக்கிறோம். பூப்பெய்தியதும் பள்ளியை நிறுத்தி, பதினேழு பதினெட்டில் கட்டிக்கொடுத்த பெண்களுக்குத் தனக்கென்று ஒரு தோழி வாய்க்கவே இல்லை. வாழ்க்கை முழுக்க யாருக்கோ மகள், யாருக்கோ மருமகள், யாருக்கோ அம்மா. ஏழு பேர் கவனித்துக்கொண்டாலும் சம வயதில், அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருத்தி வேண்டும். கோயிலில் கஞ்சி ஊற்றும் வேலைக்கோ பூத்தொடுக்கும் குழுவுக்கோ அவரை மட்டும் அனுப்புங்கள். நீங்கள் கூடப் போய் உட்கார வேண்டாம். மகன் மருமகள் முன்னால் அந்த அம்மாக்கள் பேச மாட்டார்கள்.

கேள்வி: பேத்தி எழுதித் தருகிறாள். எனக்கு 71 வயசு. தம்பி தங்கச்சிகளைப் பார்த்துக்கச் சொல்லி மூணாம் ஸ்டேண்டர்டோட என்னை நிறுத்திட்டாங்க. இங்கிலீஷும் படிக்கத் தெரியாது, தமிழும் தெரியாது. முதியோர் சங்கத்துல கூப்பிடறாங்க. போனா நிரப்பச் சொல்லி பாரம் கொடுப்பாங்க, பாட்டுப் புத்தகம் கொடுப்பாங்க. வெட்கமா இருக்கு. வீட்டிலேயே இருந்துடறேன். தப்பா?
– ஓர் ஆயா, சாட்ஸ்வொர்த்

பதில்: உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை அம்மா. இந்தியப் பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி இந்த நாட்டில் 1970-களில்தான் வந்தது. அதற்கு முன் பள்ளிக்கூடங்களையே நம் மக்கள் காசு சேர்த்துக் கட்டினார்கள், இடம் போதாமல் ஒரே வகுப்பறையில் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் படித்தது. வீட்டில் ஆள் தேவைப்பட்டால் முதலில் நிறுத்தப்பட்டவள் பெண். அந்தச் சங்கத்தில் உங்களைப் போலவே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைக்கிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

பேத்திக்கு: சங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு முன்கூட்டியே போன் செய்து இரண்டு விஷயம் கேள். பாரத்தை வீட்டுக்கு அனுப்பினால் நீயே நிரப்பித் தருவாய். ஆயாவை எல்லோர் முன்னாலும் எதையும் படிக்கச் சொல்லக் கூடாது. முதல் நாள் ஆயாவுடன் நீயும் போ, இருபது நிமிடத்தில் திரும்பி வந்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமே என்று அவருக்குத் தோன்றும்போது கிளம்புவது நல்லது. இரண்டாம் வாரம் ஒரு மணி நேரம். ஆயாவுக்கு வேலை ஒன்று கேட்டு வாங்கு. சமோசாவுக்குத் தாள் மடிக்கவோ பூசைக்கு வெற்றிலை அடுக்கவோ படிப்பு தேவையில்லை. கையில் வேலை இருக்கிறவரை யாரும் 'புதுசா வந்தவங்க' என்று உற்றுப் பார்க்க மாட்டார்கள்.

படிக்க ஆசை இருந்தால் 71 தாமதம் இல்லை. முதலில் தன் பெயர், பிறகு வீட்டு எண், பஸ் பலகை, மாத்திரை டப்பா. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், பெரிய எழுத்தில். அதற்கு முன் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். புரையை எழுத்தறியாமை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

கேள்வி: தாத்தாவை உட்காரவைத்துப் பழைய கதைகளைப் பேசவைத்தால் மனசு லேசாகும் என்கிறார்களே, செய்யலாமா?
– மாணவி, டர்பன்

பதில்: செய்யலாம், முறையோடு. ஒரு உட்காரலுக்கு ஒரு பொருள்: ஒரு படம், பித்தளைச் சொம்பு, பழைய வேலை அட்டை. அரை மணி, அதிகம் போனால் நாற்பது நிமிடம். வாரத்தில் ஒரு நாள். "அப்போ வீட்டில் யார் சமைப்பாங்க?", "மழை பெய்தா எங்கே விளையாடுவீங்க?" என்று கண்ணால் கண்டதைக் கேள். "கஷ்டமா இருந்துச்சா?" என்று நீயாக ஆரம்பிக்காதே. அவர் சொல்லும் வருடம் தவறாக இருந்தாலும் திருத்தாதே. சம்மதம் கேட்காமல் போனில் பதிவு செய்யாதே, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. ஒரு தடவை போட்டுவிட்டால் அதற்குப் பிறகு வாயே திறக்க மாட்டார்.

குரல் நின்றுபோவது, கை நடுங்குவது, ஒரே சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது தெரிந்தால் கேள்வியை நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்து, தேநீர் கொடுத்து, இன்றைய விஷயம் ஒன்றுக்குப் பேச்சைக் கொண்டுவா. அன்றிரவு தூக்கமில்லாமல் தவித்தால் அந்தப் பக்கத்தை நீ தொட வேண்டாம். அது பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை.

கேள்வி: மாமா டிவியை அலறவிடுகிறார், போனை எடுப்பதில்லை, விசேஷங்களில் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுகிறார். இதற்கும் சிறு வயதுதான் காரணமா?
– வாசகர், டோங்காட்

பதில்: முதலில் காதைப் பாருங்கள். சில நேரம் குரும்பி அடைத்திருக்கும். கிளினிக்கில் சொட்டு மருந்து தந்து ஊறவைத்துக் கழுவி எடுப்பார்கள். பட்ஸை விட்டுக் குடைந்தால் இன்னும் உள்ளே போகும். சுத்தம் செய்தும் கேட்கவில்லை என்றால் அரசு மருத்துவமனைக் கேள்திறன் பிரிவுக்குச் சீட்டு வாங்குங்கள். முதுமை மறதி பற்றிய 2024-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழின் ஆணைய அறிக்கை, மொத்த மறதி நோயில், தவிர்க்கக்கூடிய காரணங்களான கேள்திறன் குறைவுக்கு 7 சதவீதமும் தனிமைப்படுதலுக்கு 5 சதவீதமும் பங்கு கொடுக்கிறது. குறைந்த பள்ளிப்படிப்புக்கும் 5 சதவீதம்.

காது கேட்கும் கருவி கிடைத்ததும் நாள் முழுக்க மாட்டச் சொல்லாதீர்கள். முதல் வாரம் அமைதியான அறையில் ஒரு மணி, இரண்டு மணி. பிறகு ஒருவரோடு பேசும்போது. கல்யாண மண்டபம் கடைசியில். முதல் நாளே மண்டபத்துக்குப் போட்டுக்கொண்டு போனவர்களின் கருவிதான் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பொத்தான் பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்து ஒரு நிமிடம் காற்றில் வைத்த பிறகு போடுங்கள். பேசும்போது டிவியை அணைத்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். கத்த வேண்டாம், நிறுத்தி நிதானமாகப் பேசினால் போதும்.

கேள்வி: நான் பெர்த்தில் இருக்கிறேன். அம்மா சாட்ஸ்வொர்த்தில் தனியாக. தாயில்லாமல் அத்தை வீட்டில் வளர்ந்தவர். எதைக் கேட்டாலும் "ஒன்னும் வேணாம், நல்லா இருக்கேன்". கீழே விழுந்ததைக் கூட மூன்று வாரம் சொல்லவில்லை.
– மகன்

பதில்: பிறர் வீட்டில் வளர்ந்த பிள்ளை கேட்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. கேட்டால் சுமையாகத் தெரிவோம் என்ற பயம் எழுபதிலும் போகாது. அதனால் 'என்ன வேணும்?' என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். நீங்கள் அவரிடம் உதவி கேளுங்கள். "புளிக்குழம்புக்கு வெந்தயம் எப்போ போடணும்?", "தாத்தா திதி எந்த மாசம்?", "சின்னவளுக்குத் தாலாட்டு பாடிக் காட்டுங்கம்மா". கொடுக்கிற இடத்தில் இருக்கும்போது அவர் பேச்சு நீளும், நடுவில் முழங்கால் வலியும் வெளியே வரும்.

கூப்பிடுவது தினமும் அதே நேரத்தில் ஐந்து நிமிடம் என்று இருக்கட்டும். ஞாயிறு ஒரு மணி நேரம் பேசி வாரம் முழுக்க விடுவதைவிட இது நல்லது, ஒரு நாள் எடுக்கவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். வீட்டுச் சாவி ஒன்று பக்கத்து வீட்டில், இன்னொன்று நடந்து வரும் தூரத்தில் ஒரு சொந்தக்காரரிடம். அவர்கள் இருவர் எண்ணும் உங்களிடம், உங்கள் எண் அவர்களிடம். போன் டேட்டாவை நீங்களே மாதாமாதம் ஏற்றிவிடுங்கள். காசு தீர்ந்ததைச் சொல்ல மாட்டார்.

60 வயது நிறைந்து, வருமானமும் சொத்தும் வரம்புக்குள் இருந்தால் சாஸா என்ற அரசு சமூக நல உதவி முகமையின் முதியோர் உதவித்தொகை உண்டு. அடையாள அட்டை, முகவரிச் சான்று, திருமண நிலைச் சான்று, மூன்று மாத வங்கி அறிக்கை, வருமான–சொத்து விவரம் வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. அலுவலகத்துக்குப் போக முடியாதவருக்காக, அவர் தரும் கடிதத்தையோ மருத்துவர் குறிப்பையோ எடுத்துக்கொண்டு உறவினர் போகலாம். முழுநேரம் ஆள் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை என்றால் அதோடு கூடுதல் பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். சாஸாவின் கட்டணமில்லா எண் 0800 60 10 11.

கேள்வி: அப்பா "போதும், கடவுள் எடுத்துக்கிட்டாத் தேவலை" என்று அடிக்கடி சொல்கிறார். வயதானவர்கள் சொல்வதுதானே என்று விடலாமா?
– மகன், வெருலம்

பதில்: விடாதீர்கள். இன்றே தனியாக உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "அப்பா, உயிரை விட்டுடணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. யோசித்திருக்கிறேன் என்றால் தனியே விடாதீர்கள், பூச்சி மருந்தையும் மாத்திரைகளையும் துப்பாக்கி இருந்தால் அதையும் வீட்டை விட்டு வெளியேற்றுங்கள், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். 0800 567 567 என்ற இலவசத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் இரவிலும் பேசலாம். பொருட்களைப் பங்கிட்டுக் கொடுப்பது, திடீரென்று விடைபெறுவது போலப் பேசுவது, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடுவது ஆகியவையும் அடையாளங்கள். சாப்பிட மறுப்பதைப் பிடிவாதம் என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

கேள்வி: என் தகப்பன் குடித்துவிட்டு அம்மாவையும் எங்களையும் அடித்தே வளர்த்தார். இப்போது 80 வயதில் தனியாகக் கிடக்கிறார். ஊரே என்னைப் பார்த்துப் பேசுகிறது. போய்ப் பார்க்க எனக்கு முடியவில்லை. அவர் தனிமைக்கு நான் பொறுப்பா?
– வாசகி, ஸ்டேங்கர்

பதில்: இல்லை. அவர் தனியாக இருப்பதற்கு அவர் செய்தது பெரும் காரணம். அவரும் எப்படியோ அடிபட்டு வளர்ந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்வது உங்களுக்கு ஓரளவு ஆறுதல் தரலாம், ஆனால் அதை மன்னிப்பாக மாற்றித் தர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஊருக்கு அந்த இரவுகள் தெரியாது.

வழியில்லாத பெற்றோருக்கு, வசதியுள்ள பிள்ளை ஆதரவு தர வேண்டும் என்று இந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது. அது உணவு, மருந்து, இருப்பிடம் பற்றியது. நேரில் போய் நிற்க வேண்டும் என்பது அதில் இல்லை. எனவே இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். சமூக மேம்பாட்டுத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் சமூகப் பணியாளரிடம் "80 வயதுக்காரர் ஒருவர் தனியாக இருக்கிறார், நான் பார்க்கப் போக முடியாத நிலை" என்று சொல்லுங்கள். காரணத்தை விவரிக்க வேண்டிய அவசியம் இல்லை. 2006-ஆம் ஆண்டின் முதியோர் சட்டப்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் முதியவரைப் பற்றி யார் வேண்டுமானாலும் தெரிவிக்கலாம். வீடு தேடி வரும் பராமரிப்பாளர், சமைத்த உணவு, தேவைப்பட்டால் இல்லத்தில் இடம் என்று அவர்கள் பார்ப்பார்கள். பணம் கொடுப்பதானால் அவர் கையில் கொடுக்காமல் கடைக்கோ மருந்தகத்துக்கோ நேராகக் கட்டிவிடுங்கள், குடிக்குப் போகாது.

பிறகு ஒருநாள் பார்க்கத் தோன்றினால் பொதுவான இடத்தில், பகலில், கூட ஒருவரை வைத்துக்கொண்டு, கால் மணி நேரம். கிளம்பும் நேரத்தை முன்பே சொல்லிவிடுங்கள். அவர் பழையபடி பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடலாம். தோன்றவே இல்லை என்றால் அதுவும் சரி. உங்கள் அம்மா இருந்தால் அவரிடமும் இதே வரியைப் படித்துக் காட்டுங்கள். அவரும் அதே வீட்டில்தான் இருந்தார்.